வெண்புள்ளிக்கு டேனிங் படுக்கை மருந்தாகுமா?

வாசகர் கேள்விக்குத் தோல் மருத்துவரின் பதில்

செபராங் பிறையைச் சேர்ந்த 28 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

நான்கு ஆண்டுகளாக அவருக்கு இரு மணிக்கட்டுகளிலும் விரல் நுனிகளிலும் கழுத்தின் இடப்பக்கத்திலும் வெண்புள்ளி இருக்கிறது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அரசாங்க மருத்துவமனையில் வாரம் இருமுறை ஒளிச் சிகிச்சை எடுத்துவந்தவர், விரல்களில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றும் விடுப்பு கேட்டு மேற்பார்வையாளரிடம் நிற்க முடியவில்லை என்றும் சொல்லி இரண்டரை மாதத்தில் நிறுத்திவிட்டார். வரும் தை மாதம் திருமணம். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய தோழி ஒருவர், "அங்கே ஊருக்கு ஊர் டேனிங் நிலையங்கள் இருக்கின்றன, அதுவும் இதே புற ஊதா வெளிச்சம்தான்" என்று சொல்ல, தோலைப் பழுப்பாக்கும் புற ஊதா விளக்குகள் பொருத்திய அப்படி ஒரு படுக்கை வைத்திருக்கும் அழகு நிலையத்தில் 12 முறைக்கு 1,800 ரிங்கிட் கட்டியிருக்கிறார். கண்ணாடி தரவில்லை, துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது முறை போவதற்கு முன் பெரியம்மா கொடுத்த கார்போகரிசி எண்ணெயை மணிக்கட்டில் தடவியிருக்கிறார். அன்றிரவு கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. மணிக்கட்டு எரியத் தொடங்கி, மறுநாளுக்கு மறுநாள் கொப்புளம் கிளம்பியது. "மருந்து வேலை செய்கிறது, விடாமல் வாருங்கள்" என்றாராம் நிலைய உரிமையாளர். தொடரலாமா, இரண்டு வெளிச்சமும் ஒன்றுதானே, நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராதல்லவா, கட்டிய பணம் கிடைக்குமா, மருத்துவமனைக்குத் திரும்பிப் போனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

நான்காவது முறை போக வேண்டாம். காரணங்களைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். கொப்புளங்களை உடைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை அவ்வப்போது வைத்து, மணமில்லாத வாசலினை மெல்லியதாகத் தடவினால் போதும். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ அன்றே அருகிலுள்ள கிளினிக்குக்குப் போங்கள். கண்ணில் மணல்போல் உறுத்தியது கருவிழியின் மேற்பரப்பில் ஏற்பட்ட புற ஊதாக் காயம். வெளிச்சம் பட்டுச் சில மணி நேரம் கழித்தே அது தெரியும்; பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். பார்வை மங்கலாக இருந்தாலோ உறுத்தல் நீடித்தாலோ கண் மருத்துவர் பார்க்க வேண்டும். இமையை மூடுவது போதிய காப்பு அன்று, துண்டோ நழுவக்கூடியது. இந்தக் கதிருக்கென்றே செய்த கண்ணாடி இல்லாமல் அந்தப் படுக்கையில் ஒருவரைப் படுக்கவைத்ததே தவறு.

மருத்துவமனை வெளிச்சமும் அழகு நிலைய வெளிச்சமும்

உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை. இரண்டும் புற ஊதாதான். ஆனால் புற ஊதா என்பது ஒரு பெரிய குடும்பம்: அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர் வரை யூவி-பி, 315 முதல் 400 வரை யூவி-ஏ. மருத்துவமனையில் நீங்கள் நின்ற கூண்டின் குழல்விளக்குகள் 311 நானோமீட்டரை ஒட்டிய மிகக் குறுகிய பட்டையில் ஒளிவிடுபவை. வெண்புள்ளிக்கு இந்த ஒளி பயன்படுகிறது என்பதை ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 1997இல் வெளியிட்டார்கள். அதன் பிறகே அது உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. டேனிங் படுக்கை, வெள்ளைத் தோலைப் பழுப்பாக்குவதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம். அதிலிருந்து வருவதில் மிகப் பெரும்பகுதி யூவி-ஏ. யூவி-பி சிறு பங்குதான். சில இயந்திரங்களின் யூவி-ஏ, உச்சி வெயிலில் இருப்பதைப்போல் 10 முதல் 15 மடங்கு வரை இருக்கக்கூடும்.

அலைநீளத்தைவிட எனக்குக் கவலை தருவது அளவு. மருத்துவமனையில் தாதி ஒவ்வொரு முறையும் உங்கள் அட்டையில் ஓர் எண்ணை எழுதியிருப்பார். அது நிமிடக் கணக்கு அன்று, ஒரு சதுர செண்டிமீட்டர் தோலில் எத்தனை மில்லிஜூல் ஆற்றல் விழுந்தது என்ற கணக்கு. வெண்புள்ளிக்கு வழக்கமாக 200 மில்லிஜூல் அளவில் தொடங்கி, முந்தைய முறை எவ்வளவு சிவந்தது, அந்தச் சிவப்பு எத்தனை மணி நேரம் நின்றது என்று கேட்டுவிட்டு 10 முதல் 20 விழுக்காடு கூட்டுவோம். அதிகம் சிவந்திருந்தால் அன்றைக்குத் தரமாட்டோம், அல்லது குறைப்போம். குழல்விளக்கு பழையதானால் ஒளி மங்கும், புதியதை மாட்டினால் கூடும் என்பதால் கருவி வைத்து அவ்வப்போது அளந்து கணக்கைத் திருத்துகிறோம். அழகு நிலையத்தில் உங்களுக்குச் சொன்னது "பத்து நிமிடம்" மட்டுமே. மருந்துக்கடையில் ஒரு கைப்பிடி மாத்திரை கேட்டு வாங்குவதற்கு ஒப்பானது அது. போன வாரம் அவர்கள் விளக்கை மாற்றியிருந்தால் அதே பத்து நிமிடத்தில் உங்கள் மேல் எவ்வளவு விழுந்திருக்கும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வெண்புள்ளி உள்ள இடத்தில் நிறமி செய்யும் அணுக்கள் இல்லை. சுற்றியுள்ள உங்கள் மாநிறத் தோலில் அவை நிறைய இருக்கின்றன. படுக்கையில் படுத்தால் கறுப்பது சுற்றுப்புறம். சிவந்து பொசுங்குவது வெள்ளைப் பகுதி. மறைக்க நினைத்த புள்ளி முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். அது மட்டுமன்று, வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயமோ வெந்த புண்ணோ பட்ட இடத்தில் புதிய புள்ளி கிளம்புவது உண்டு. தோல் ஒரு தடவை தீய்ந்தாலும் இந்த நோய் பரவுவதற்கு அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளும். ஆகவே கொப்புளத்தைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று சொன்னது நேர்மாறான பேச்சு. வைட்டமின் டி கிடைக்கும் என்றும் சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்த வைட்டமினை உண்டாக்குவது யூவி-பி, குறைவு இருந்தால் மாத்திரையிலேயே சரிசெய்துவிடலாம்.

பெரியம்மாவின் எண்ணெய்

பெரியம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கார்போகரிசியில் உண்மையாகவே ஒரு மருந்து இருக்கிறது, ஆபத்தும் அதனால்தான். அதிலுள்ள சொராலன் என்ற பொருள் தோலில் ஊறியபின் யூவி-ஏ பட்டால் அணுக்களின் மரபுப் பொருளோடு பிணைந்துகொள்கிறது. நம் நாட்டு மருத்துவத்திலும் எகிப்திலும் சொராலன் உள்ள விதைகளைப் பூசி வெயிலில் நிற்கும் பழக்கம் மிகத் தொன்மையானது. எகிப்திய மருத்துவர் எல் மொஃப்டி 1940களில் அந்த மருந்தை ஆராய்ந்து, நவீன மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சொராலனும் யூவி-ஏயும் சேர்ந்த சிகிச்சை. மருந்தின் அளவும் ஒளியின் அளவும் துல்லியமாகக் கணக்கிடப்பட்டும்கூட, நெடுங்காலம் அதை எடுத்துக்கொண்டவர்களுக்குச் செதிள் அணுப் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய் கூடுதலாக வந்ததைக் கண்டுதான், 311 நானோமீட்டர் ஒளிக்குப் பெரும்பாலோர் மாறினோம்.

வீட்டில் காய்ச்சிய எண்ணெயில் சொராலன் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதைப் பூசிக்கொண்டு, யூவி-ஏயைக் கொட்டும் படுக்கையில் படுத்தீர்கள். சாதாரண வெயில் காயம் ஒரு நாளில் உச்சத்தை எட்டிவிடும். சொராலன் காயம் இரண்டு மூன்று நாள் வரை ஏறிக்கொண்டே போகும். உங்களுக்குக் கொப்புளம் தாமதமாகக் கிளம்பியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இந்த எண்ணெயோடு வெயிலில் நிற்பதும் கூடாது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கில்தான் இருக்கிறது. இங்கே வெயிலின் புற ஊதா வலிமையைக் காட்டும் குறியீடு 11ஐயும் (மிகக் கடுமையான நிலை) தாண்டுவது ஆண்டின் பெரும்பகுதியில் வழக்கம், மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. கடிகாரமும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. 1982இல் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தியதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1:20 வாக்கில். மற்ற நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து மூன்று மணிக்கு வெயில் தணிந்துவிட்டதென்று வெளியே இறங்குபவர்கள், உண்மையில் கடுமையான வெயிலில்தான் நடக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகிறவர்களில் வெண்புள்ளி உள்ளவர்கள், விடியற்காலையிலேயே ஏறி இறங்கிவிடுவது நல்லது.

"நம் நிறத்துக்குப் புற்றுநோய் வராது"

இதை நான் வாரம் தவறாமல் கேட்கிறேன். குறைவாக வரும் என்பது சரி. வராது என்பது பிழை. நிறமி ஒரு நல்ல திரை. வெள்ளையருக்கு வருவதோடு ஒப்பிட்டால், நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் தோல் புற்றுநோய் பல மடங்கு குறைவு. ஆனால் வராது என்று நம்பியிருப்பதால் வரும்போது தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது மெலனோமா என்ற நிறமி அணுப் புற்றுநோய். 1981இல் அதனாலேயே இறந்தார். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் இந்த வகைக்கு வெயில் காரணமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை டேனிங் படுக்கையின் கணக்கில் எழுத மாட்டேன்.

படுக்கையின் கணக்கில் எழுத வேண்டியவை வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் புற ஊதா டேனிங் கருவிகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் அதே பிரிவில்தான் உள்ளன. எல்லாம் ஒரே அளவு ஆபத்து என்று இதற்குப் பொருளில்லை; புற்றுநோய் உண்டாக்குகிறது என்பதில் ஐயமில்லை என்பதே பொருள். 35 வயதுக்கு முன் இந்தப் படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா வரும் வாய்ப்பு 59 விழுக்காடு கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012 ஆய்வு சொன்னது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்; எனவே அந்த எண்ணை அப்படியே உங்கள்மேல் பொருத்துவது முறையாகாது. மூன்று முறை போனதால் உங்களுக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று இரவில் விழித்திருக்கவும் தேவையில்லை. வெண்புள்ளி உள்ளவர்களிடம் மெலனோமா குறைவாகவே காணப்படுகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு உண்மையில் அருகில் இருக்கும் ஆபத்துகள் தீப்புண், கண் காயம், புதிய புள்ளிகள், ஆழமாக ஊடுருவும் யூவி-ஏயால் முகத்தில் வரக்கூடிய 'மங்கு' என்னும் கருந்திட்டும் சுருக்கமும்.

சிவக்கவில்லையென்றால் கெடுதல் இல்லை என்று நிலையங்களில் சொல்வார்கள். தோல் கறுப்பதே, அணுவின் மரபுப் பொருள் பழுதான பிறகு தோல் எழுப்பும் தற்காப்பு. யூவி-ஏ பட்ட நிறமி அணுக்களில், விளக்கை அணைத்து மூன்று மணி நேரம் கழிந்த பின்னும் இருட்டிலேயே அந்தப் பழுது தொடர்வதை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தோழி சொன்ன இங்கிலாந்திலேயே 18 வயதுக்குக் குறைந்தவர்களை இந்தப் படுக்கையில் படுக்கவைக்கக் கூடாதென்று 2010இல் சட்டம் வந்துவிட்டது. பிரேசில் 2009இல் அழகுக்கான பயன்பாட்டை முழுவதுமாகத் தடுத்தது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 தொடக்கத்தோடு வணிக நிலையங்கள் மூடப்பட்டன. அங்கே ஒதுக்கப்பட்ட இயந்திரங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று நான் சில நேரம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

தைக்குள் என்ன முடியும்

இரண்டரை மாதத்தில் நீங்கள் எடுத்தது ஏறக்குறைய 20 முறை. பயனில்லை என்று தீர்ப்புச் சொல்ல 48 முறையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது வெண்புள்ளி வல்லுநர்களின் பரிந்துரை. மெதுவாகத் திரும்பும் தோலுக்கு அதற்கு மேலும் ஆகும். நிறம் பெரும்பாலும் முடிக்கால்களிலிருந்துதான், கடுகு கடுகாகத் துளிர்த்து விரியும். முடிக்கால்கள் உள்ள கழுத்துக்கு நல்ல வாய்ப்பு உண்டு, மணிக்கட்டுக்கு ஓரளவு. முடியே இல்லாத விரல் நுனிகள் மிகப் பிடிவாதமானவை. தைக்குள் விரல்கள் நிறம் பெறும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள், அவர் தோல் மருத்துவராகவே இருந்தாலும்.

ஆகவே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் 'டைம் சிலிப்' எழுதி வாங்கி மனிதவளப் பிரிவில் கொடுங்கள். ஆண்டு முழுவதற்குமான சிகிச்சை அட்டவணையோடு மருத்துவரின் கடிதம் ஒன்றும் இருந்தால், ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிராது. அதுவும் முடியாதென்றால், கையில் பிடித்து வீட்டிலேயே பயன்படுத்தும் சிறிய 311 நானோமீட்டர் கருவியைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். பிரிட்டனில் 517 பேரை வைத்து நடந்த ஆய்வில், இந்தக் கருவியையும் ஸ்டீராய்டு களிம்பையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களில் 27 விழுக்காட்டினருக்கே தெளிவான பலன் கிடைத்தது. களிம்பு மட்டும் பூசியவர்களில் 17 விழுக்காடு. சிகிச்சையை நிறுத்தியபின் பலரிடம் அந்தப் பலனும் நிலைக்கவில்லை. அற்புதம் எதுவும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. இணையத்தில் வரும் பெயரற்ற விளக்கை மட்டும் வாங்காதீர்கள். டாக்ரோலிமஸ் களிம்பு கழுத்துக்குப் பொருந்தும். வெண்புள்ளிக்கான ருக்சோலிடினிப் களிம்புக்கு அமெரிக்கா 2022இல் ஒப்புதல் தந்தது, விலைதான் கடுமை. தைராய்டு இரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். வெண்புள்ளியோடு தைராய்டுக் கோளாறும் கூடி வருவதுண்டு.

திருமண நாளுக்கு மறைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டைஹைட்ராக்சி அசிட்டோன் கலந்த, வெளிச்சமே தேவைப்படாத நிறப்பூச்சு தோலின் மேலுள்ள இறந்த அடுக்கை மட்டும் பழுப்பாக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் நிற்கும், கை கழுவக் கழுவ விரைவில் மங்கும், வெயிலிலிருந்து காக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே சிறு இடத்தில் பூசி நிறம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். விரல்களுக்கு எளிய வழி நம் மருதாணியிலேயே இருக்கிறது. இலையை அரைத்த, செம்பழுப்பாகச் சிவக்கும் மருதாணியாக அது இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் முடிச்சாய இரசாயனம் கலந்திருக்கும். அது ஒவ்வாமையையும் கொப்புளத்தையும் உண்டாக்கும், சிலருக்குப் புதிய வெண்புள்ளியையே கொண்டுவரும்.

கட்டிய பணம்

நான் வழக்கறிஞன் அல்லன். தெரிந்த அளவு சொல்கிறேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மீதமுள்ள ஒன்பது முறைக்கான பணத்தை முதலில் எழுத்து வழியே கேளுங்கள். தராவிட்டால் அங்கே போகலாம். வெண்புள்ளி குணமாகும் என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், அழித்துவிடாமல் ரசீதோடு சேர்த்துவையுங்கள். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி ஒரு கருவியை விற்கவோ இயக்கவோ தொடங்கினால் 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டம் குறுக்கே வரும். அந்தக் கருவி பதிவுபெற்றதா என்று மருத்துவச் சாதன ஆணையத்திடம் கேட்கலாம். உடலில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டை மட்டும் இந்தத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளாது. அதற்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். கொப்புளத்தைத் தேதியோடு படமெடுத்துவைப்பது இரண்டுக்கும் உதவும்.

கடைசிக் கேள்வி: மருத்துவமனையில் சொல்லத்தான் வேண்டுமா? கட்டாயம் சொல்லுங்கள். திட்டு விழலாம், தோல் மருத்துவர்கள் சிலர் கொஞ்சம் சிடுசிடுப்பானவர்கள்தாம். ஆனால் நீங்கள் மறைத்தால், பழைய அட்டையில் விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடரக்கூடும். இப்போதுதான் ஆறிய மணிக்கட்டு அதைத் தாங்காது. படுக்கையில் படுத்த மூன்று தேதிகள், ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், எண்ணெயை எந்த இடத்தில் எப்போது பூசினீர்கள், கொப்புளம் எந்த நாளில் கிளம்பியது, வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் ஒளியைத் தாங்கும் திறனைக் குறைக்கும் என்பதால் அவற்றையும் விடாமல் எழுதுங்கள். எண்ணெய்ப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தோல் முழுவதும் ஆறிய பின், பெரும்பாலும் தொடக்க அளவிலிருந்தே மறுபடி ஆரம்பிப்பார்கள். முன்பு எடுத்த 20 முறை வீணாகிவிட்டதோ என்று அப்போது கவலைப்பட வேண்டாம், அளவு சில வாரங்களிலேயே பழைய நிலைக்கு ஏறிவிடும்.